தியான முகாமுக்குப் போனால் தைரியம் வருமா?

கேள்வி:

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எனக்கு. வயது 37. தனியார் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை பார்க்கிறேன். இரண்டு பிள்ளைகள். போன வருடம் அப்பா இறந்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடசேரியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சுங்கான்கடை தாண்டும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது, கை மரத்தது, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அப்புறமும் மூன்று முறை வந்துவிட்டது. இப்போது பஸ்ஸில் ஏறுவதே இல்லை, எங்கே போவதானாலும் கணவரின் பைக்தான். பள்ளியில் ஒரு பொறுப்பு உயர்வு கொடுத்தார்கள். அடிக்கடி நாகர்கோவில் போகவேண்டியிருக்கும் என்பதால் வேண்டாம் என்றுவிட்டேன். அப்பாவின் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கச் சொல்கிறார் அண்ணன். அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை வரவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் பயந்தாங்கொள்ளிதான்.

எங்கேயாவது ஆன்மிக முகாமுக்குப் போய் மனவலிமையைத் தேடிக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. பத்து நாள் மௌன தியானத்துக்குப் போய்வந்த தம்பி அங்கே போகச் சொல்கிறான். என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் கத்தோலிக்கர், தான் போகும் தியான இல்லத்துக்குக் கூப்பிடுகிறார். கன்னியாகுமரி விவேகானந்தபுரத்திலும் முகாம் நடக்கிறதாம். நாங்கள் அம்மன் கோயில் கும்பிடுகிறவர்கள். கணவரோ, வீட்டிலிருந்தே சாமி கும்பிட்டால் போதாதா என்கிறார். எது சரி? போனால் தைரியம் வருமா? போவதானால் கையில் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முகாமுக்குப் போங்கள். ஆனால் பத்து நாள் மௌனம் இப்போது வேண்டாம், இரண்டு மூன்று நாள் போதும். அதுவும் பஸ்ஸில் ஏறிப் பழக ஆரம்பித்த பிறகு. நான் சொல்லப்போவது இவ்வளவுதான். காரணங்களைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

முதலில் அந்தப் படபடப்பு. நீங்கள் விவரித்திருப்பதை, மனநலத் துறையில் இருக்கும் நாங்கள் பேனிக் அட்டாக் என்போம். ஆபத்து இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து மணியை அடித்துவிடுகிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து கையும் உதடும் மரத்துப்போகின்றன, தலை கிறுகிறுக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பிக்கும். சாகப்போகிறோம் என்று தோன்றுமே தவிர, இந்தப் படபடப்பால் உயிர் போகாது. ஈசிஜி எடுத்தது நல்ல காரியம். ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்திருக்கிறார்களா? இல்லையென்றால் அதையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு கூடினாலும் ரத்தம் குறைந்தாலும் இதே போலப் படபடக்கும். ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் கட்டன்சாயா குடிக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், சிலருக்குச் சாயாவைக் குறைத்தாலே பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது. முதல் முறை அது வந்தபோது நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பேனிக் அட்டாக்குக்கு எப்போதும் காரணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை, சும்மா இருக்கும்போதும் வரும். ஆனாலும் அப்பா போன துக்கம் ஆறவில்லை, அந்த வீட்டில் சொத்துப் பேச்சு எழுந்திருக்கிறது அல்லது எழப்போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் உடம்பு வெறும் பஸ்ஸுக்கு மட்டும் பயந்ததாக எனக்குப் படவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. நீங்கள்தான் யோசித்துப் பார்த்துச் சொல்லவேண்டும்.

அதன் பிறகு நடந்தது தெளிவாகவே இருக்கிறது. பஸ்ஸில் பயம் வந்தது, பஸ்ஸை விட்டீர்கள். விட்டதும் நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் ஆளை ஏமாற்றுவது. 'பார்த்தாயா, ஏறாததால் தப்பித்தாய்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் பெரிதாக வரும். பஸ்ஸில் தொடங்கியது பொறுப்பு உயர்வு வரைக்கும் வந்துவிட்டது. அண்ணனிடம் பேசாமல் இருப்பதும் இதே கணக்குதான். பேசாத ஒவ்வொரு முறையும் அன்றைக்கு நிம்மதி, அடுத்த முறை வாய் இன்னும் இறுகும்.

குளச்சலிலோ முட்டத்திலோ வள்ளம் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கரையோரத்து அலையை, வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தை நேரே வைத்துத்தான் வாங்குவார்கள். பயந்துபோய்த் திருப்பினால் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிடும். பயத்துக்கும் அதுதான் வழி. உள்ளே இருந்துகொண்டே அது ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டால், 'ஓடாமலேயே இது அடங்குகிறது' என்று மூளை புதிதாக ஒரு கணக்கு எழுதும். எத்தனை மருந்து, எத்தனை சிகிச்சை முறை வந்தாலும், இந்த வகைப் பயத்துக்கு நாங்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்.

சரி, இதில் முகாம் எங்கே வருகிறது?

நல்ல முகாம் ஒன்றில் போன் இருக்காது, டிவி இருக்காது, பேச்சும் குறைவு. மனசுக்குப் பிடிக்காத ஒன்று மேலே வந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ முடியாது. உட்கார்ந்தே ஆகவேண்டும். கால் வலிக்கும், எரிச்சல் வரும், அப்பாவின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்து அழுகை முட்டும். கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும். திரும்ப வரும். முகாம் முடிந்து வருகிறவர்கள் அங்கே கிடைத்த அமைதியைப் பற்றித்தான் வாய் ஓயாமல் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அமைதியான மணி நேரங்களால் பெரிய பலன் இல்லை. இருப்புக்கொள்ளாமல் தவித்தும் எழுந்து போகாமல் இருந்தீர்களே, அந்த மணி நேரங்கள்தான் ஆளை உறுதியாக்குகின்றன. பஸ்ஸில் செய்யவேண்டிய அதே வேலையைப் பாதுகாப்பான இடத்தில் சிறிதாகச் செய்து பழகுகிறீர்கள்.

ஆனால் முகாமும் ஓடி ஒளிகிற இடமாகிவிடலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று முகாம், ஒவ்வொன்றிலும் ஆனந்தக் கண்ணீர், திரும்பி வந்தால் வீட்டில் அதே பயம், அதே மௌனம். அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தில் பஸ்ஸும் அண்ணனும் முன்னால் வந்து, முகாம் பின்னால் வருவதால்தான் இதைச் சொல்கிறேன். 'முதலில் தைரியம் வரட்டும், அப்புறம் அவற்றைப் பார்க்கலாம்' என்று நினைக்கிறீர்கள். அந்த வரிசையில் தைரியம் வராது. நடுங்கிக்கொண்டே செய்து முடித்த பிறகுதான் வரும்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம் என்று நினைக்கிறேன். 1892 டிசம்பர் 25, 26, 27 தேதிகளில் விவேகானந்தர் கடல் நடுப் பாறையில் தியானம் செய்த கதை நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பாடம். மூன்றே நாளில் ஏதோ கிடைத்துவிட்டது போலத்தான் நாம் அதைச் சொல்கிறோம். அதற்கு முன்னால் அவர் ஆண்டுக்கணக்கில் நாடு முழுவதும் அலைந்திருக்கிறார், பட்டினி கிடந்திருக்கிறார், கண்ட வறுமையில் மனம் நொந்திருக்கிறார். பாறையை விட்டு வந்ததும் அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். 1893 செப்டம்பரில் சிகாகோ மேடையில் நிற்கிறார். நாராயண குருவும் அப்படித்தான். மருந்துவாழ் மலையில் பிள்ளைத்தடம் குகையில் தவம் இருந்தவர், அங்கேயே இருந்துவிடவில்லை. தன் சாதியினரான ஈழவர்களைக் கோயிலுக்குள் விடாத அந்தக் காலத்தில், 1888-ல், அருவிப்புறத்தில் தன் கையாலேயே சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த அய்யா வைகுண்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லவேண்டும். நீங்கள் கேட்கும் தைரியத்துக்கு அவர்தான் மிகவும் நெருக்கம். சாமித்தோப்பில் தவம் இருந்தார். தன் மக்களைக் கடலோரத்தில் வாகைப்பதியில் துவையல் தவசு இருக்கவைத்தார். எழுநூறு குடும்பங்கள் என்பார்கள். தினமும் மூன்று முறை குளித்து, துணி துவைத்து, ஒரே வேளை சாப்பிட்டுக் கட்டுப்பாடாக இருந்தார்கள். இன்றைக்கு நாம் முகாம் என்று சொல்வதெல்லாம் அதில் இருந்தது. அந்த மக்கள் யார் என்று யோசியுங்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தலைப்பாகை கட்டக்கூடாது, மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் விலகி நிற்கவேண்டும் என்று ஒடுக்கப்பட்டவர்கள். அவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடச் சொன்னார் அய்யா. முத்திரிக் கிணற்றில் எல்லாரையும் ஒன்றாகத் தண்ணீர் எடுக்கவைத்தார். அவரை வழிபடும் பதிகளில் பள்ளியறையில் கண்ணாடி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கும்பிடப் போகிறவர் தன்னையே நிமிர்ந்து பார்க்கவேண்டியிருக்கிறது. திருவிதாங்கூர் அரசு அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தது. அதற்குப் பிறகும் தலைப்பாகை இறங்கவில்லை. தலைப்பாகையை முதன்முதலாகக் கட்டியவன் பயமே இல்லாமல் கட்டியிருப்பான் என்று என்னால் நம்பமுடியவில்லை. கை நடுங்கியிருக்கும். கூட ஆட்கள் இருந்தார்கள், பழகிய கட்டுப்பாடு இருந்தது, கட்டிவிட்டான்.

இப்போது உங்கள் முன் இருக்கும் மூன்று வழிகள்.

தம்பி சொல்வது விபாசனா பயிற்சி என்று நினைக்கிறேன். அதிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம் உட்காரவேண்டும், பத்தாம் நாள் வரை யாரோடும் பேச்சில்லை. கட்டணம் கிடையாது, முடிந்தபின் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். நமக்குப் பக்கம் என்றால் செங்கன்னூர்ப் பகுதியில் ஒரு மையம் இருக்கிறது. ஒழுங்கான பயிற்சிதான், எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்களுக்கு இப்போது அது சரிப்படாது. துக்கம் ஒரு வருடம்தான் ஆகியிருக்கிறது. பேனிக் வருகிறவர்கள் ஏற்கெனவே தங்கள் நெஞ்சுத்துடிப்பைக் காவல் காத்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களை நாள் முழுக்க உடம்புக்குள்ளேயே கவனி என்று உட்காரவைத்தால், பழக்கமில்லாத ஆரம்பத்தில் படபடப்பு கூடவும் செய்யலாம். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். விண்ணப்பப் படிவத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பார்கள். அதை மறைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தம்பிக்கு நல்லது நடந்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து நீங்களும் போகலாம்.

அக்கா கூப்பிடும் தியான இல்லத்தைப் பற்றி. கத்தோலிக்கர்கள் தியானம் என்று சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மைக், பாட்டு, குணமளிக்கும் ஜெபம் என்று கூட்டமாக நடப்பது. இன்னொன்று, இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முறையில் மௌனமாக இருந்து, தினமும் ஒரு வழிகாட்டியிடம் தனியாகப் பேசுவது. முழுப் பயிற்சி முப்பது நாள். மூன்று நாள், எட்டு நாள் என்று சுருக்கமாகவும் உண்டு. நம் கோட்டாற்றுச் சவேரியாரே அந்த இஞ்ஞாசியாரின் நெருங்கிய தோழர்தான். அக்கா கூப்பிடுவது எந்த வகை என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால், தினமும் காதுகொடுத்துக் கேட்க ஒருவர் இருப்பது உங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். நீங்கள் அம்மனைக் கும்பிடுகிறவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதம் மாறச் சொல்லாத, வேறு மதத்தவரையும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் இடம் என்று தெரிந்த பிறகு போங்கள். இஞ்ஞாசியார் சொன்ன விதி ஒன்றை மட்டும், எங்கே போனாலும் போகாவிட்டாலும் வைத்துக்கொள்ளலாம்: மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. அண்ணன் நீட்டும் காகிதத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

விவேகானந்தபுரம், 1972-ல் தொடங்கிய விவேகானந்த கேந்திரத்தின் வளாகம். யோகா முகாமும் ஆன்மிக முகாமும் நடத்துகிறார்கள். வகுப்பு, ஆசனம், பாட்டு, பேச்சு என்று நாள் நிரம்பியிருக்கும். முழு மௌனம் இல்லை என்பது உங்களுக்கு நல்லது. எந்த முகாம் எத்தனை நாள், எந்த மொழியில் நடக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் வரும் இடம் அது. புரியாத மொழியில் உட்கார்ந்திருப்பது வீண். வீட்டிலிருந்து பக்கம் என்பதால் கணவரும் கொஞ்சம் சமாதானமாவார். என் ஓட்டு இதற்கோ அக்கா சொல்லும் மூன்று நாள் மௌனத்துக்கோதான். கார்த்திகை, மார்கழியில் மட்டும் வேண்டாம். ஐயப்ப சாமிமார் கூட்டத்தில் கன்னியாகுமரி திணறும், பாறைக்குப் போகும் படகுக்கே பாதி நாள் நிற்கவேண்டியிருக்கும்.

எந்த இடமானாலும் போன் போட்டுச் சிலவற்றைக் கேளுங்கள். ராத்திரி உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? பெண்கள் தங்கும் இடத்துக்குப் பொறுப்பாளர் ஒரு பெண்ணா? நடுவில் கிளம்பவேண்டும் என்றால் விடுவார்களா? வீட்டிலிருந்து அவசரத்துக்கு எந்த எண்ணில் கூப்பிடலாம்? கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். 'டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டு வா' என்று சொன்னால் போனை வைத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் பணம் கட்டச் சொல்லி, மூன்றே நாளில் பயம் போய்விடும் என்று வாக்குக் கொடுப்பவர்களும் அதே ரகம்தான்.

போய்ச் சேர்ந்ததும் பயிற்சி நடத்துபவரிடம் 'எனக்குப் பேனிக் வரும்' என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணை மூடினால் படபடப்பு ஏறுகிறதென்றால் கண்ணைத் திறந்தே உட்காருங்கள். நெஞ்சைக் கவனிக்காமல் தரையில் படும் பாதத்தைக் கவனியுங்கள். மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். உட்கார முடியவில்லையா, மெதுவாக நடங்கள். உட்கார்ந்தால்தான் தவம் என்று யார் சொன்னது? சிவராத்திரிக்கு நம் ஊரில் கையில் பனையோலை விசிறியோடு கோபாலா கோவிந்தா என்று திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயத்துக்கும் ஓடுகிறார்களே.

இனி, முகாமுக்கு முன்னால் செய்யவேண்டியது. தக்கலை பஸ் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். முதல் நாள் அங்கே போய் அரை மணி நேரம் சும்மா நின்று வாருங்கள். அப்புறம் யாரையாவது கூட்டிக்கொண்டு வில்லுக்குறி வரை போய்த் திரும்புங்கள். அதே தூரத்தைத் தனியாக. ஒவ்வொரு படியையும் பயம் பாதியாகக் குறையும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். அது இரண்டு நாளாகவும் இருக்கலாம், ஏழெட்டு நாளாகவும் இருக்கலாம். அடுத்தது சுங்கான்கடை. அங்கே படபடப்பு வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வந்தால் இறங்காதீர்கள், கணவருக்குப் போன் போடாதீர்கள், வந்து போகட்டும். பிறகு வடசேரி. 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் எத்தனை முறை போய்வந்தாலும் செலவில்லை. அந்தத் திட்டத்துக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

கூடவே இன்னொன்று. குமாரகோவில் உங்களுக்குப் பக்கம்தானே. டாக்டர் சரி என்றால், வாரத்தில் சில நாள் அந்தப் படிகளைக் கொஞ்சம் வேகமாக ஏறுங்கள். இதயம் அடிக்கும், மூச்சு வாங்கும், வேர்க்கும். பேனிக்கில் வருவதும் இதேதான். ஆபத்தில்லாமல் இதெல்லாம் வந்து போகும் என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும். பழகிய பிறகு ஒரு நாள் அதிகாலையில் துணையோடு மருந்துவாழ் மலை ஏறுங்கள். மேலேயிருந்து உப்பளமும் கடலும் தெரியும். அதுவும் ஒரு நாள் முகாம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

கணவர் விஷயம். அவர் வேண்டாம் என்பதில் கோபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, பயம்தான் இருக்கிறது. வழியில் படபடப்பு வந்தால் என்ன ஆகும், ராத்திரி வந்தால் யார் இருப்பார்கள் என்று அவருக்கும் தோன்றுமே. எங்கே, எத்தனை நாள், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, 'மூன்று நாள் போய்விட்டு வருகிறேன்' என்று நேராகச் சொல்லுங்கள். அத்தை வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போவது வேண்டாம். பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு மூன்று நாளும் அவர் மீன்கறி வைத்துப் பழகட்டும். இந்த ஒரு பேச்சே உங்களுக்கு நல்ல ஒத்திகை, அடுத்தது அண்ணனிடம் பேசவேண்டும் அல்லவா?

அண்ணன் பேச்சை எடுத்தால் நான் வக்கீல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் இவ்வளவு தெரியும்: அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் இந்து மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பிறகு சமபங்கு. விட்டுக்கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். சிலர் மனமாரவே விட்டுக்கொடுக்கிறார்கள், அதில் தப்பில்லை. பயத்தில் கொடுக்கும் கையெழுத்து வேறு. பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஒருமுறை பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது லேசில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாகச் சட்ட உதவி தருகிறார்கள். போய்க் கேளுங்கள். அண்ணனிடம் முதலில் பெரிய வாதம் எதுவும் வேண்டாம். ஒரே வாக்கியம் போதும்: "அண்ணா, நான் வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் கையெழுத்துப் போடமாட்டேன்." இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், அடுப்படியில் தனியாக இருக்கும்போது. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். அவர் சத்தம் போடலாம், மயினி முகத்தைத் திருப்பலாம், 'என்ன மக்களே, அப்பன் போனதும் இப்படியா' என்று பெரியவர்கள் யாராவது கேட்கலாம். பதில் சொல்லியே தீரவேண்டும் என்றில்லை. அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னால் போதும்.

முகாமுக்குத் தேதி குறிக்கும் அன்றே, திரும்பி வந்த வாரத்துக்கும் இரண்டு தேதி குறித்துவிடுங்கள். ஒன்று, பள்ளித் தலைமையிடம் போய் அந்தப் பொறுப்பு இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்பதற்கு. இன்னொன்று, பஸ்ஸில் வடசேரிக்குப் போய் அண்ணனிடம் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு. முகாம் முடிந்த கையோடு உள்ள நாட்களில் மனசு கொஞ்சம் இளகியும் தெளிந்தும் இருக்கும், அதை வீணாக்கக்கூடாது. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தினமும் காலையில் இருபது நிமிடம் அங்கே கற்றதை வீட்டிலும் செய்யுங்கள். கணவர் சொன்ன 'வீட்டிலிருந்தே சாமி கும்பிடுவது' அப்போது நிஜமாகவே பயன்படும். அவரிடமும் இதைச் சொல்லலாம், சந்தோஷப்படுவார்.

இதற்கிடையில் தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, முகாமைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக முடியாத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பேனிக்குக்கு மாத்திரையும் உண்டு, பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, இரண்டும் நன்றாக வேலை செய்யும். மாத்திரை சாப்பிட்டால் மனவலிமை இல்லாதவள் என்று ஆகிவிடும் என்று யாராவது சொன்னால், அவரிடம் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள்.

நீங்கள் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதியிருந்தீர்கள். நான்கு முறை சாவுபயம் வந்த பிறகும் தினமும் வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள், முன்பின் தெரியாத ஒருவருக்கு இவ்வளவையும் எழுதவும் செய்திருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தை உங்களுக்குக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது, நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக, கையில் என்ன எடுத்துப் போவது? தளர்வான பருத்தி உடுப்பு, ஒரு போர்வை, டார்ச், கொசுவத்தி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், அவற்றின் சீட்டு, ஆதார் நகல், கணவர் எண்ணை எழுதிய ஒரு தாள். கீழே உட்கார்ந்து பழக்கமில்லை என்றால் ஒரு சின்னத் தலையணையும் வைத்துக்கொள்ளுங்கள், நாற்காலி கேட்டாலும் தருவார்கள். மாதவிடாய் தேதியைக் கணக்குப் பார்த்துத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பக்கத்தில் கடை இருக்காது. பழம்பொரியும் முறுக்கும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகவேண்டாம், அவர்கள் கொடுப்பதைச் சாப்பிட்டால் போதும். போகும்போது பைக்கில் வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள்.